புள்ளி ஏறுகிறது, கை திரும்பவில்லை: மணிக்கட்டு முறிவுக்குப் பின் விளையாட்டுப் பயிற்சி

மாவுக்கட்டைப் பிரித்ததும் ‘கையை மேலும் கீழும் ஆட்டுங்கள், வேளைக்கு இருபது, நாளைக்கு ஐந்து வேளை’ என்று சீட்டில் எழுதிக் கொடுத்தால் மூன்று நாள் செய்வார்கள். நான்காம் நாள் மறந்துபோகும், ஐந்தாம் நாள் வலி என்று சாக்கு வரும். அதே ஆளிடம் விளிம்புள்ள ஒரு தட்டையும் ஒரு கோலிக்குண்டையும் கொடுத்து, ‘குண்டு கீழே விழாமல் ஓரமாகச் சுற்ற விடுங்கள் பார்க்கலாம்’ என்று சொல்லிப் பாருங்கள். காபி ஆறிப்போவதுகூடத் தெரியாமல் சுற்றிக்கொண்டிருப்பார். இந்தச் சிகிச்சையில் விளையாட்டு நுழைந்ததற்குப் பெரிய தத்துவம் ஒன்றுமில்லை, இவ்வளவுதான். கவனம் குண்டின் மேல் இருக்கும்போது வலி கொஞ்சம் பின்னால் போகிறது, எண்ணிக்கை தானாகக் கூடுகிறது.

சிக்கல் தொடங்குவதும் அங்கேதான். வலியை மறந்தவர் அளவையும் மறந்துவிடுவார். புள்ளிக்காக ஆடுபவர், மணிக்கட்டு மக்கர் செய்தால் அதை விட்டுவிட்டுத் தோளாலும் முழங்கையாலும் ஆடி ஜெயித்துவிடுவார். ஆட்டம் பார்ப்பது புள்ளியை மட்டும். அந்தப் புள்ளி எந்த மூட்டிலிருந்து வந்தது என்று அதற்குத் தெரியாது. அதனால் எந்த விளையாட்டையும் கையில் எடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எனக்கு வராத அசைவைச் செய்யாமலே இதில் ஜெயிக்க முடியுமா? முடியும் என்றால் அதன் விதியை மாற்ற வேண்டும்.

மணிக்கட்டு முறிவு என்று பொதுவாகச் சொன்னாலும் பெரும்பாலும் உடைவது ரேடியஸ் எலும்பின் (முன்கையில் கட்டைவிரல் பக்கம் ஓடும் எலும்பு) கீழ்முனை. வழுக்கி விழும்போது கையை ஊன்றுவதால் வருவது. வண்டியிலிருந்து விழுந்த இளைஞருக்கும் வரும், குளியலறையில் சறுக்கிய அறுபது வயது அம்மாவுக்கும் வரும். இந்த வகை முறிவை ஆப்ரகாம் காலஸ் என்ற அயர்லாந்து அறுவை மருத்துவர் 1814-லேயே விவரித்து எழுதினார். எக்ஸ்ரே வருவதற்கு எண்பது வருடம் முன்பு! அவர் பெயரில்தான் இன்றும் ‘காலஸ் ஃபிராக்சர்’ என்கிறார்கள். கட்டு மட்டும் போட்டவர்களுக்குச் சாதாரணமாக 5, 6 வாரம் கை உள்ளே இருக்கும். அறுவை செய்து பிளேட் (எலும்பைச் சேர்த்துப் பிடிக்கும் உலோகத் தகடு) வைத்தவர்களை மருத்துவர் பலசமயம் 2 வாரத்துக்குள்ளேயே மெல்ல அசைக்கச் சொல்வார். உங்களுடையது எந்த வகை, எப்போது அசைக்கலாம், எப்போது எடை தூக்கலாம் என்ற மூன்றையும் ஆர்த்தோ டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். புத்தூர் கட்டுப் போட்டுக்கொண்டவர்கள், ஆட்டம் தொடங்கும் முன் ஒரு எக்ஸ்ரே எடுத்து எலும்பு கூடியிருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

கட்டு இருக்கும்போதே தொடங்கக்கூடிய வேலை விரல்களுக்கானது. கட்டின் மேல்விளிம்பு உள்ளங்கையின் மேல் ரேகையைத் தாண்டி விரலடிவரை வந்திருந்தால் விரல் முழுதாக மடங்காது. அதை அப்போதே சொல்லி வெட்டிவிடச் சொல்ல வேண்டும். ஆறு வாரம் விறைத்த விரலை மீட்பது மணிக்கட்டை மீட்பதைவிடக் கஷ்டமான வேலை. விரல்நுனி ஒவ்வொன்றாகக் கட்டைவிரலைத் தொடுவது, முழு முஷ்டி, கொக்கி மாதிரி மடக்குவது, எல்லாவற்றையும் விரிப்பது என்று எதையும் சீட்டாட்டமாக்கலாம். சீட்டை விசிறியாகப் பிடிக்க, ஒன்றை உருவ, கட்டைவிரலால் தள்ளிப் போட எல்லா விரலும் வேலை செய்யும். ஆட்டம் முடிந்ததும் கையை நெஞ்சுக்கு மேலே தலையணையில் தூக்கி வையுங்கள். தோளையும் முழங்கையையும் நாளைக்கு நான்கைந்து முறை முழுதாக அசைக்க வேண்டும். ஸ்லிங்கிலேயே தொங்கவிட்டுத் தோளையும் இறுக்கிக்கொண்டு வருபவர்கள் உண்டு.

கட்டுப் பிரித்த பின் எது போச்சு என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். நல்ல மணிக்கட்டு பின்பக்கமாக 70 டிகிரி, முன்பக்கமாக 80 டிகிரி வரை மடங்கும். கட்டைவிரல் பக்கம் 20, சுண்டுவிரல் பக்கம் 30 டிகிரி சாயும். உள்ளங்கை மேலும் கீழும் 80 டிகிரி அளவில் திரும்பும். அன்றாட வாழ்க்கைக்கு இதில் பாதி, கொஞ்சம் மேலே இருந்தால் சமாளிக்கலாம். ஆனால் நம்மூர் வாழ்க்கை சில இடங்களில் கூடுதலாகக் கேட்கும். கோயிலில் தீர்த்தம் வாங்க, முகத்தில் தண்ணீர் அடிக்க, கண்டக்டரிடம் சில்லறை வாங்க உள்ளங்கை நன்றாக மேலே திரும்ப வேண்டும். தரையில் உட்கார்ந்து எழும்போது உள்ளங்கையை ஊன்ற, பின்பக்க மடக்கம் முழுசாக வேண்டும். இடக்கை உடைந்தவர்கள் வெளியே சொல்லாத கஷ்டம் ஒன்று இருக்கிறது: கால் கழுவுவது. அதற்கு முன்பக்க மடக்கம் வேண்டும். கேட்டால்தான் சொல்வார்கள். பயிற்சி சொல்லித்தருபவர்தான் கேட்க வேண்டும்.

பெரும்பாலானவர்களுக்குப் பெருந்தொல்லை உள்ளங்கையை மேலே திருப்புவது. தட்டும் கோலியும் அதற்காகத்தான். முதல் வாரம் எடையில்லாத பிளாஸ்டிக் டப்பா மூடி போதும். விளிம்பு ஒரு விரல் உயரமாவது இருக்கட்டும். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து முழங்கையைச் செங்கோணத்தில் மடக்கி விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள். முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே ஒரு செய்தித்தாளை மடித்துச் செருகுங்கள். உள்ளங்கை மேல் மூடியை வைத்து, விரலால் கவ்வாமல், சும்மா தாங்குங்கள். குண்டைப் போட்டு ஓரமாகச் சுற்ற விடுங்கள். வலஞ்சுழி பத்து, இடஞ்சுழி பத்து.

கை முழுதாகத் திரும்பாதவருக்கு என்ன நடக்கும் என்றால், கட்டைவிரல் பக்கம் உயர்ந்தும் சுண்டுவிரல் பக்கம் தாழ்ந்தும் இருப்பதால், குண்டு ஓடிப்போய் சுண்டுவிரல் பக்கமே படுத்துக்கொள்ளும். அடுத்த நொடியே அவர் செய்வது முழங்கையை வயிற்றுக்கு முன்னால் இழுப்பது, அல்லது உடம்பையே அந்தப் பக்கம் சாய்ப்பது. குண்டு உடனே நகரும், அவருக்கும் சந்தோஷம். மணிக்கட்டு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். செய்தித்தாள் இதற்குத்தான். முழங்கை நகர்ந்தால் தாள் விழும். தாள் விழுந்தால் ஒரு புள்ளி கழிவு என்று வைத்துவிடுங்கள். வீட்டில் எட்டு, பத்து வயதுப் பேரன் பேத்தி இருந்தால் நடுவர் வேலையை அவர்களிடம் கொடுத்துவிடலாம். ‘தாத்தா, பேப்பர் விழுந்திருச்சு’ என்று அவர்கள் பிடிப்பதைப் போல எந்தக் கருவியும் பிடிப்பதில்லை. பத்துச் சுற்றுத் தாள் விழாமல் வந்தால் சின்ன எவர்சில்வர் தட்டுக்கு மாறலாம். எடை கூடும், வழவழப்பில் குண்டும் வேகமாக ஓடும்.

இதே ஆட்டம் மொபைலிலும் இருக்கிறது. போனைச் சாய்த்துப் பந்தைக் குழிக்குள் விழாமல் கொண்டுபோகும் ஆட்டங்கள். போனை உள்ளங்கையில் மல்லாக்க வைத்து, அகலமான ரப்பர் பேண்டையோ தலைமுடி பேண்ட் இரண்டையோ கையோடு சேர்த்து மாட்டினால் கவ்விப் பிடிக்கும் அவசியம் இல்லை. இறுக்கமாக மாட்டாதீர்கள், விரல் நிறம் மாறக் கூடாது. கவனிக்க வேண்டியது இரண்டு. முதலாவது எடை: இப்போதைய போன்கள் கவரோடு 200 கிராமைத் தாண்டுகின்றன. பிளாஸ்டிக் மூடியில் தேறாதவருக்கு அது சீக்கிரம். இரண்டாவதை யாரும் சொல்வதில்லை. பல ஆட்டங்கள், தொடங்கும்போது போன் எந்தச் சாய்வில் இருக்கிறதோ அதையே சமதளம் என்று எடுத்துக்கொள்ளும். 30 டிகிரி சாய்ந்த கையோடு தொடங்கினால் அந்த 30 டிகிரியை ஆட்டம் மன்னித்துவிடும். நாள் முழுக்க ஆடி நாற்பதாவது லெவல் போயிருப்பார், கை அந்தச் சாய்வைத் தாண்டி ஒரு டிகிரிகூட வந்திருக்காது. போனை மேசையில் படுக்க வைத்து அளவீட்டைச் சரிசெய்துவிட்டுக் கைக்கு எடுங்கள். அதே ஓட்டையை நமக்குச் சாதகமாகவும் பயன்படுத்தலாம். ரொம்ப இறுகிய கைக்கு முதல் மூன்று நாள் சாய்வாகவே தொடங்கவிட்டு, பிறகு நோட்டுப் புத்தகங்களை போனின் ஒரு பக்கத்துக்கு அடியில் அடுக்கி, அந்தச் சாய்வில் அளவீட்டைச் சரிசெய்து, இரண்டு மூன்று நாளைக்கு ஒரு புத்தகமாக எடுத்துச் சாய்வைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

கேம் கன்சோல்களைப் பற்றிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2006-ல் நின்டெண்டோ வீ வந்தபோது மறுவாழ்வுச் சிகிச்சையில் பெரிய எதிர்பார்ப்பு எழுந்தது. கையில் பிடித்த ரிமோட்டை வீசினால் திரையில் பந்து பறக்கும். ஆனால் ரிமோட்டுக்குத் தன் அசைவுதான் தெரியும், அது தோளால் வந்ததா மணிக்கட்டால் வந்ததா என்று தெரியாது. முழுக் கையை வீசும் டென்னிஸை சோபாவில் சாய்ந்தபடி ஒரு சின்னச் சுண்டலில் ஜெயிக்கலாம் என்று எல்லோரும் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள். அளவு மீறி ஆடித் தோள் வலியோடு மருத்துவரிடம் போனவர்களும் உண்டு. 2007-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் அந்த வலிக்கு அந்தக் கன்சோலின் பெயரையே வைத்துக் கடிதம் வந்தது. எக்ஸ்பாக்ஸ் கன்சோலுக்கான கினெக்ட் கேமரா முழு உடம்பைப் பார்க்கும். மணிக்கட்டுக்கு அது போதாது. மேசையில் வைக்கும் லீப் மோஷன் மாதிரியான சென்சார்கள் விரல் விரலாகப் பார்க்கும், கையில் எதையும் பிடிக்க வேண்டாம் என்பதால் ஆரம்ப வாரங்களுக்கு ஏற்றவை. கையைப் பக்கவாட்டில் திருப்பும்போது ஒரு விரல் இன்னொன்றை மறைத்து சென்சார் குழம்பும், அவ்வளவுதான். ஸ்விட்ச் கன்சோலின் ஜாய்-கான் சுமார் 50 கிராம்தான். வீட்டில் ஏற்கெனவே இருந்தால் பயன்படுத்துங்கள். இதற்காக வாங்க வேண்டியதில்லை.

சாதாரணப் பயிற்சியைவிட விளையாட்டு நிச்சயமாக உசத்தி என்று சொல்லும் அளவுக்கு ஆதாரம் சேரவில்லை. ரேடியஸ் கீழ்முனை முறிவின் மறுவாழ்வுச் சிகிச்சைகளைத் தொகுத்துப் பார்த்த 2015-ஆம் ஆண்டு காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் அமைப்பு) ஆய்வு, எந்த முறைக்குமே உறுதியான ஆதாரம் போதவில்லை என்றுதான் முடித்தது. ஆகவே விலையுயர்ந்த கருவி வைத்திருக்கும் இடத்தைத் தேடி அலைய வேண்டாம். செய்கிறோமா, சரியாகச் செய்கிறோமா என்பதில்தான் இருக்கிறது. நடமாட முடியாத முதியவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வரும் ஏற்பாடு உண்டு. அவர் வரும்போது ஆட்டத்தை ஆடிக் காட்டித் தவறைத் திருத்திக்கொள்ளலாம்.

நம் வீட்டு ஆட்டங்களில் முதல் மதிப்பெண் பல்லாங்குழிக்கு. பதினான்கு குழி, குழிக்கு ஐந்து என்றால் எழுபது சோழி. ஆனால் வழக்கமாக ஆடினால் கவிழ்ந்த கையோடு நழுவவிட்டபடியே போய்விடலாம். ஒரு விதி சேர்க்க வேண்டும்: ஒவ்வொரு குழியிலும் போட்ட பின், மீதிச் சோழியை உள்ளங்கையை விரித்து எதிராளிக்குக் காட்ட வேண்டும். அப்படி ஆடினால் பலகையை ஒருமுறை சுற்றி வருவதற்குள் கை பதினான்கு தடவை மேலும் கீழும் திரும்பிவிடும். உள்ளங்கையில் இருப்பதைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக விரல்நுனிக்கு நகர்த்துவது சட்டைப் பட்டன் போட, சாவி திருப்பத் தேவைப்படும் அதே திறமை. சோழி பெரிதாக இருக்கட்டும். புளியங்கொட்டை பிறகு.

தாயக்கட்டையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து உருட்டுவது, கும்பிடும் நிலையில் மணிக்கட்டைப் பின்பக்கம் மடக்குகிறது. நல்ல கை துணைக்கு இருப்பதால் வலியும் அளவோடு இருக்கும். முழங்கைகளைப் பக்கவாட்டில் தூக்கி, கைகளை நெஞ்சுக்கு நேராக வைத்து உருட்டினால்தான் பலன். மடியில் வைத்து உருட்டினால் வெறும் தாயம்தான். கேரத்தை எல்லோரும் கேட்கிறார்கள். விரல் வீக்கத்துக்கும் சுண்டும் தசைக்கும் நல்லது, மணிக்கட்டுக்கு அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. பிளேட் வைத்த தழும்பு பலகையின் சட்டத்தில் அழுந்தினால் சுருக்கென்று இருக்கும், துண்டை மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள். அஞ்சாங்கல்லில் கல்லுக்குப் பதிலாக முதலில் கசக்கிய காகித உருண்டை. மேலே போட்டு உள்ளங்கையில் பிடிப்பது, பிறகு புறங்கையில் ஏந்துவது. நிஜக் கல்லும் உயரமான வீச்சும் டாக்டர் எடைக்கு அனுமதித்த பிறகு. காகித ராக்கெட்டை வாளிக்குள் எறிவதும் நல்ல ஆட்டம். மணிக்கட்டு பின்னால் கட்டைவிரல் பக்கம் சாய்ந்து, முன்னால் சுண்டுவிரல் பக்கம் விழும் அந்த வீச்சு, சுத்தியல் அடிப்பதிலிருந்து தண்ணீர் ஊற்றுவதுவரை நாம் எப்போதும் செய்வது. பலருக்கு அதுதான் முதலில் வலியில்லாமல் வரும்.

பின்பக்க மடக்கத்தில் ஒரு திருட்டுத்தனம் உண்டு. ‘கையைத் தூக்குங்கள்’ என்றால் விரல்களை விறைப்பாக நீட்டித் தூக்குவார்கள். அது விரலை நிமிர்த்தும் தசை செய்யும் வேலை. அப்படிப் பழகினால் எதையாவது பிடித்த மறுகணம் மணிக்கட்டு முன்னால் தொங்கிவிடும், பிடியில் பலமே வராது. அதனால் கையில் ஒரு மார்க்கர் பேனாவையோ சுருட்டிய கைக்குட்டையையோ மென்மையாக மூடிப் பிடித்தபடி தூக்க வேண்டும். ஆட்டமாக்க: முன்கையை மேசையில் கிடத்தி, மணிக்கட்டு விளிம்பைத் தாண்டித் தொங்கட்டும். மேசைக்கு மேலே நூலில் ஒரு பலூனைக் கட்டித் தொங்கவிட்டு, மூடிய முஷ்டியின் முதுகால் தட்டுங்கள். நூலின் உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம். முன்கை மேசையை விட்டு எழும்பினால் அந்தத் தட்டுக் கணக்கில் வராது.

அளவு: வேளைக்கு 5 முதல் 10 நிமிடம், நாளைக்கு 4, 5 வேளை. ஒரே மூச்சில் நாற்பது நிமிடம் ஆடினால் இறுகிய மூட்டு வீங்கும், வீங்கிய மூட்டு மறுபடி இறுகும். போனில் டைமர் வைத்தால் ‘இந்த ஒரு லெவல் மட்டும்’ என்று அணைத்துவிடுகிறார்கள், அதனால் டைமரை அடுத்த அறையில் வையுங்கள். தொடங்கும் முன் பத்து நிமிடம் கை பொறுக்கும் வெதுவெதுப்பான நீரில் கையை முக்கி, உள்ளேயே மெல்ல அசையுங்கள். வலியைப் பத்துக்கு எத்தனை என்று மனசுக்குள் போடுங்கள். மூன்று, நான்குவரை ஆடும்போது இருக்கலாம். ஒரு மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். மறுநாள் காலை விரல்கள் முந்தின நாளைவிடத் தடித்திருந்தால் நேற்று அதிகம் ஆடியிருக்கிறோம், இன்று பாதி போதும். மோதிரம் மட்டும் போடாதீர்கள். நின்றுகொண்டு ஆட வேண்டாம், முக்கியமாக வயதானவர்கள். திரையில் பந்தைத் துரத்தி மறுபடி விழுந்தால் இன்னொரு கையும் போகும். ஐம்பது வயதுக்கு மேல், நின்ற இடத்தில் விழுந்ததற்கே எலும்பு உடைந்தது என்றால் எலும்பு அடர்த்தியைப் பரிசோதிப்பது பற்றி டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

ஆட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டிய சில இடங்கள் உண்டு. முறிவுக்குப் பொருந்தாத எரிச்சலும் வலியும், கை பளபளவென்று வீங்கி நிறமும் சூடும் வியர்வையும் மாறுவது. இதைத் தள்ளிப்போட்டால் மாதக்கணக்கில் இழுக்கும். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப்போவது: நரம்பு நெரிபடுகிறது என்று அர்த்தம். இன்னொன்று பலரை ஏமாற்றும்: எலும்பு விலகாத, ‘சாதாரண’ முறிவில்கூடச் சில வாரம் கழித்துக் கட்டைவிரலைத் தூக்கும் தசைநார் தேய்ந்து அறுந்துபோகலாம். வாரம் ஒருமுறை உள்ளங்கையை மேசையில் படிய வைத்து, கட்டைவிரலை மட்டும் மேலே தூக்கிப் பாருங்கள். நேற்றுவரை தூக்கியது இன்று தூக்கவில்லை என்றால் அது பயிற்சிக் குறைவு இல்லை. பிளேட் வைத்தவர்கள், கட்டைவிரலை மடக்கும்போது மணிக்கட்டருகே நறநறவென்று உரசினால் சொல்ல வேண்டும். எண்ணெய் தேய்த்து நீவி, உறவினர் ஒருவர் பிடித்து ‘மடக்கென்று’ அழுத்திவிடுவது எந்தக் கட்டத்திலும் வேண்டாம்.

முன்னேற்றத்தை ஆட்டத்தின் புள்ளியில் பார்க்காதீர்கள். ஞாயிறுதோறும் காலையில், ஆடுவதற்கு முன், இரண்டு படம் எடுத்து வையுங்கள். ஒன்று, முழங்கையை விலாவில் ஒட்டி, முஷ்டியில் ஒரு பென்சிலை நிறுத்திப் பிடித்து, கையை முடிந்தவரை வெளிப்பக்கம் திருப்பி, எதிரே இருந்து எடுப்பது. பென்சில் நேர்நிலையிலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதே உங்கள் திருப்பம். இரண்டு, முன்கையை மேசையில் வைத்து மணிக்கட்டைப் பின்பக்கம் மடக்கிப் பக்கவாட்டில் எடுப்பது. நல்ல கையையும் அதே இடத்தில் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். முதல் மூன்று மாதம் வேகமாக வரும், பிறகு மெல்ல, ஒரு வருடம்வரைகூட ஏறிக்கொண்டிருக்கும். இரண்டு வாரம் தொடர்ந்து படம் மாறவில்லை என்றால் ஆட்டத்தை மாற்றுங்கள் அல்லது பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள்.

பலம் வேண்டிய ஆட்டங்கள் எலும்பு கூடியது என்று டாக்டர் எக்ஸ்ரே பார்த்துச் சொன்ன பிறகு, பெரும்பாலும் 8 வாரத்தை ஒட்டி. சப்பாத்தி மாவைப் பிசைந்து உருண்டைகளாக்குவது, ஈர ஸ்பாஞ்சைப் பிழிந்து ஒரு டம்ளரை யார் முதலில் நிரப்புவது என்ற போட்டி, அரை லிட்டர் பாட்டிலில் கால்வாசி தண்ணீரில் தொடங்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ப்பது. பம்பரம், ஷட்டில் எல்லாம் இதற்கும் பிறகு. சாட்டையைச் சுண்டி இழுக்கும் அந்தக் கடைசி வெட்டில்தான் மணிக்கட்டின் மேல் மொத்த வேகமும் விழும்.

வண்டி எப்போது ஓட்டலாம் என்ற கேள்விக்கு, டாக்டர் அனுமதித்த பின்னும் ஒரு சோதனை வைத்துக்கொள்ளலாம். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, என்ஜினை அணைத்தபடி உட்கார்ந்து, முறிந்த கையால் பிரேக் லிவரை (கியர் வண்டியில் இடக்கை என்றால் கிளட்ச் லிவரை) முழுதாக அழுத்தி மூன்று எண்ணும்வரை பிடியுங்கள், பத்துத் தடவை. வலக்கை என்றால் ஆக்ஸிலேட்டரைத் திருப்பியபடியே அழுத்திப் பாருங்கள். பிறகு ஹேண்டில்பாரில் உடம்பின் பாரத்தைச் சாய்த்துப் பாருங்கள். எட்டாவது அழுத்தத்தில் பிடி தளர்ந்தால் இன்னும் இரண்டு வாரம் பஸ்ஸில் போங்கள்.